நம்ம கண்மாய்க் கரை: அன்றும் இன்றும்



மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதணும்னு செயற்குழுவில் முடிவானப்போ, சேமிப்பு பற்றி, கடன் பற்றி, கறவை மாடு வாங்கினது பற்றி எழுதுறோம்னு பலபேர் கை தூக்கினாங்க. நான் கண்மாயைப் பற்றி எழுதுறேன்னு சொன்னதும் சிரிப்பு. "அது ஆம்பளைக சமாச்சாரமாச்சே மதினி" என்றாள் ஒருத்தி. அவள் வீடு கண்மாய்க் கரைக்குக் கீழேதான் இருக்கிறது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். குழுவில் தீர்மான நோட்டு எழுதி எழுதிப் பழகிய கை இது. கல்வெட்டு, சட்டம் பற்றிய விவரங்களைக் கல்லூரியில் வரலாறு படிக்கிற என் மகள் புத்தகம் பார்த்துச் சொன்னாள். மற்றதெல்லாம் நான் கண்டதும், என் மாமியார் சொல்லிக் கேட்டதும்.

அந்த ஐப்பசி ராத்திரி

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மூணாவது வருஷம். ஐப்பசி அடைமழை. மேல ஊர்க் கண்மாய் நிறைந்து, அதன் மறுகால் தண்ணியும் நம்ம கண்மாய்க்கு வந்துக்கிட்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தமுக்குச் சத்தம். "நடு மடைக்குப் பக்கத்துல தண்ணி பீச்சுது, ஆளுக வாங்க!"

ஆம்பளைகள் மம்பட்டியோடு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பொம்பளைகளையும் கூப்பிட்டார்கள். சாக்கு வேணும், மணல் வேணும், வைக்கோல் வேணும். எங்க வீட்டுப் படப்பைப் பிரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோனோம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுட்டு நானும் போனேன்.

கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், தொடை தண்டிக்குத் தண்ணி பொங்கிக்கொண்டிருந்தது. செம்மண் கலங்கல். நாலுபேர் அந்த ஓட்டையில் களிமண்ணை வச்சு அடைக்கப் போனார்கள். அப்போ எங்க ஊர் நீர்பாய்ச்சிப் பெரியவர் கத்தினார்: "வாயை அடைக்காதீங்கடா! வாயை அடைச்சா வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வரும்!" அவர் சொன்னபடி, ஊற்றைச் சுத்தி மணல் மூட்டையைக் கிணத்து உறை மாதிரி வட்டமா அடுக்கினார்கள். அதுக்குள்ளே மணலையும் சரளையையும் கொட்டினார்கள். தண்ணி வந்துக்கொண்டே இருந்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. இன்னொரு கூட்டம் உள்வாய்ப் பக்கம், தண்ணி சுழிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, வைக்கோலும் களிமண்ணும் கட்டிய சாக்குகளை இறக்கினார்கள்.

பெரியவர் அடுத்துக் கேட்டதுதான் என் மனசில் நின்றது. "கலுங்கு ஏன் போகல?" கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணி கலுங்கு வழியாகத் தானாகப் போகணும். ஆனால் கலுங்குக்கு மேலே கல்லும் மண்ணுமாக ஒரு முழ உயரத்துக்கு அடைத்து வைத்திருந்தார்கள். கூடுதலாத் தண்ணி தேக்கணும்னு கடைமடை விவசாயிகள் செய்த வேலை. அதில் என் மாமனாரும் ஒருத்தர். அந்த ராத்திரி அவரே கடப்பாரை எடுத்துப் போய் அந்த அடைப்பை உடைத்தார். உடைத்த தண்ணி கலுங்கு ஓடை வழியாகப் பாய்ந்து, ஓடையை ஒட்டியிருந்த எங்க ஒரு ஏக்கர் நெல்லையும் அடித்துக்கொண்டு போனது.

கரை நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. விடிந்ததும் கரைமேல் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் கடல் மாதிரித் தண்ணி. அந்தப் பக்கம், தண்ணி மட்டத்துக்கு ரொம்பக் கீழே, வரிசையா வீடுகள். நடுவில் இருந்தது வெறும் மண். அன்றைக்குத்தான் எனக்குக் கரை என்றால் என்னவென்று புரிந்தது.

கரையைப் பார்த்தவர்கள் யார்?

தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. நம்ம சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்குப் போகிற தொடர்க் கண்மாய்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பெரிதோ சிறிதோ, இவை எல்லாமே மண் கரைகள். மண் கரை என்றால் வருஷா வருஷம் ஆள் பார்க்கணும். பார்க்காத கரை நிற்காது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இதைப் பார்க்க ஒரு குழுவே இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆண்டுகளில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் ஆள் எடுத்து 'ஏரி வாரியம்' அமைத்ததை அவை சொல்கின்றன. வாரியத்தின் காலம் 360 நாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நம்ம பிள்ளைகள் இதைப் பெருமையாகப் படிக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அந்த வாரியத்தில் சேர, வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வயசு 35-க்கு மேல் 70-க்குள் இருக்கணும், வேதம் படித்திருக்கணும். கூலிக்காரருக்கு இடமில்லை. பெண்ணுக்கும் இடமில்லை. கரை உடைந்தால் முதலில் யார் வீட்டுக்குள் தண்ணி வருமோ அவர்களுக்கு ஓலை எழுதும் உரிமை இல்லை.

பிறகு குடிமராமத்து. கோடையில் ஊரார் கூடி வரத்துக்காலை வெட்டி, கரைக்கு மண் போட்டு, மடையைச் சரி செய்கிற வழக்கம். வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு அழைக்கலாம், வராவிட்டால் தண்டிக்கலாம் என்றது சட்டம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகு 1883-இல் ஏரிகளைச் சீர்செய்ய அரசு தனித் திட்டம் தொடங்கியது.

குடிமராமத்தை இப்போ எல்லோரும் பொற்காலம் மாதிரிப் பேசுகிறார்கள். என் மாமியாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "நிலம் உள்ளவுக ஆள் அனுப்புவாக. மண் சுமந்தது யாரு? நிலம் இல்லாதவுக. தண்ணி வந்தா அவுகளுக்கு என்ன, குடிக்கிற தண்ணிதானே." இதையும் வரலாற்றில் சேர்த்து எழுதணும்.

நம்ம பகுதி ஜமீன் பூமி. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் அரசுக்கு வந்தன. நூறு ஏக்கர், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறைக்கு. இன்றைக்கு அது நீர்வளத் துறை. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஊருக்குக் கண்மாய் அரசுடையது ஆனது. அரசுக்கு அது ஆயிரத்தில் ஒன்று. இடையில் நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளக்கிற வழக்கமும் நின்றது. எங்க பெரியவருக்குப் பிறகு அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டார். நெல் அளக்காத ஊருக்கு ராத்திரியில் யார் கரை நடப்பார்?

பெண்கள் கை

பெண்கள் கண்மாய்க்கு வந்த கதையும் உண்டு. மண் சுமந்தது எப்போதும் நாம்தான், ஆனால் கணக்கில் வரவில்லை. 1989-இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1997-இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க வந்தது. 2006-இல் நூறு நாள் வேலை முதலில் தொடங்கிய மாவட்டங்களில் நம்ம சிவகங்கையும் ஒன்று. கண்மாய் வெட்டப் போனவர்களில் பெரும்பாலும் பெண்கள். முதல்முறையாக நம்ம பெயர் அட்டையில் ஏறியது, கூலி நம்ம கணக்கில் ஏறியது.

ஆனால் ஒன்று சொல்லணும். அளந்து கொடுத்த குழியை வெட்டினோம், வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டினோம். கரையில் எந்த இடம் தாழ்வு, எந்த மடை கசியுது என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மறுபடி கொண்டுவந்தது. அப்போதும் பல ஊர்களில் பாசனக்காரர் சங்கம் என்றால் ஆம்பளைகள் பேர்தான்.

நண்டு வளை

2019 ஜூலை 2-ஆம் தேதி ராத்திரி, மகாராஷ்டிரா மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சின்ன மண் அணை மழையில் உடைந்தது. கீழே இருந்த வீடுகள் போயின. ஏறத்தாழ இருபது உயிர் போனது. அணை கசிகிறது என்று முன்பே சொன்னோமே என்று ஊரார் அழுதார்கள். அந்த மாநில அமைச்சர் ஒருவர், நண்டுகள் துளை போட்டதுதான் காரணம் என்றார். நாடே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்டு வளையும் எலி வளையும் கரையைக் கெடுக்கும்னு நம்ம எல்லோருக்கும் தெரியும். ஆனால் நண்டு ஒரே ராத்திரியில் அணையை உடைக்காது. வளை போட்டதை யாராவது பார்த்திருக்கணும், பார்த்தவர் சொல்லியிருக்கணும், சொன்னதை ஒருத்தர் கேட்டிருக்கணும்.

2021-இல் மத்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கும் உண்டு. நம்ம கண்மாய்க் கரை ரெண்டு ஆள் உயரம்கூட இல்லை. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. நம்ம கண்ணுக்குத்தான் தெரியணும்.

எதைப் பார்க்கணும்?

பெரியவர் சொன்னது, பொறியாளர் ஒருவர் வந்தப்போ சொன்னது, நாங்களே பார்த்தது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

மண் கரை ரெண்டு விதமா உடையும். ஒன்று, தண்ணி மேலே வழிந்து. கரையின் எந்த இடம் தாழ்வோ அங்கே வழியும். வழிந்த தண்ணி வெளிச்சரிவை அரித்து, கொஞ்ச நேரத்தில் கரையையே வெட்டிவிடும். மாட்டு வண்டி, டிராக்டர் ஏறி இறங்குகிற தடம்தான் பெரும்பாலும் அந்தத் தாழ்வு. கலுங்கை அடைத்தாலும், கலுங்கு ஓடையை ஆக்கிரமித்தாலும் இதே கதிதான்.

இன்னொன்று, தண்ணி உள்ளே புகுந்து. எலி வளை, நண்டு வளை, செத்துப்போன மரத்தின் வேர் மக்கிய குழாய், மடைக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையிலே விட்ட சந்து. இந்த வழியாகத் தண்ணி நுழைந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போகும். சீமைக் கருவேல மரத்தைக் கரையில் வளரவிடக் கூடாது. வளர்ந்துவிட்டால் வேரைப் பிடுங்கிக் குழியை அப்படியே விடவும் கூடாது. களிமண் போட்டு இடித்து நிரப்பணும். கரைக்கு அருகம்புல் போதும், அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கசிவு என்றாலே பயப்பட வேண்டாம். தெளிந்த தண்ணி கசிந்தால் குச்சி நட்டு அடையாளம் வச்சுத் தினமும் பாருங்கள். கலங்கலாக வந்தால் கரை கரைந்து வருகிறது என்று அர்த்தம். உடனே ஊரைக் கூப்பிடணும், அதிகாரிக்குச் சொல்லணும், கீழே உள்ள வீடுகளைக் காலி பண்ணணும். மடையும் கலுங்கும் திறந்து தண்ணி மட்டத்தைக் குறைக்கணும்.

கோடையில் கரை வெடித்திருந்தால் மழைக்கு முன்னாடியே நிரப்பணும். வண்டல் அள்ளுகிறவர்கள் உள்வாயில் கரையின் காலடியிலே தோண்டக் கூடாது. காலை வெட்டினால் ஆள் சாய்வான், கரையும் அப்படித்தான்.

நாங்கள் செய்ததும் செய்ய முடியாததும்

இப்போது நம்ம ஊர் ஆறு குழுக்களும் முறை வச்சுக் கரை நடக்கிறோம். புரட்டாசி முதல் தை வரை வாரம் ஒருநாள், மழை நாளில் தினமும். 'கரை நோட்டு' என்று ஒன்று வைத்திருக்கிறோம். தேதி, தண்ணி மட்டம், எந்த மடைப் பக்கம் என்ன பார்த்தோம், மூணே வரி. முதல் வருஷம் ஆம்பளைகள் கேலி பண்ணினார்கள். அந்த நோட்டை வச்சுத்தான் நடு மடைக்கு மனு கொடுத்தோம். "கசியுது" என்று வாயால் சொன்னப்போ நகராத காகிதம், நாற்பத்திரண்டு தேதியோடு போனப்போ நகர்ந்தது. அதுக்கும் ரெண்டு மழைக்காலம் ஆனது. மடைக்கு இப்போ புதுக் கதவு இருக்கிறது. டிராக்டர் தடத்துத் தாழ்வு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கலுங்கு விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். போன வருஷம் யாரோ மறுபடி கலுங்கில் மண் மூட்டை அடுக்கினார்கள். கரைக்குக் கீழே உள்ள காலனிக் குழு அதை எடுக்கணும் என்றது. கடைமடைக் குழுச் சகோதரிகள் எடுக்கக் கூடாது என்றார்கள். ஒரு சாண் உயர்ந்தால் கடைமடைக்கு இன்னும் ஒரு தண்ணி கிடைக்கும். அந்த ஒரு தண்ணியில்தான் கதிர் பால் பிடிக்கும். அவர்கள் பேராசையில் கேட்கவில்லை, கடன் வாங்கி நட்ட பயிர். நானும் கடைமடைக்காரிதான்.

கூட்டத்தில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நான் அந்த ஐப்பசி ராத்திரியைச் சொன்னேன். மாமனார் அடைத்ததையும் அவரே உடைத்ததையும் சொன்னேன். ஒரு ஏக்கர் போனதையும் சொன்னேன். அப்போ காலனிக் குழு அக்கா ஒருவர் எழுந்து, "உங்களுக்கு ஒரு தண்ணி போனா ஒரு போகம் போகும். எங்களுக்கு ஒரு ராத்திரி போனா என்ன போகும்னு சொல்லுங்க தாயி" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை.

அன்றைக்கு ரெண்டு தீர்மானம் எழுதினோம். ஒன்று, கலுங்கில் யாரும் மூட்டை அடுக்கக் கூடாது, அடுக்கினால் எந்தக் குழுவும் எடுக்கலாம். ரெண்டு, கண்மாய் மேடிட்டதால்தான் தண்ணி பத்தவில்லை. மேலே உயர்த்தக் கூடாது என்றால் கீழே தோண்டணும். அதனால் தூர்வாரச் சொல்லி எல்லாக் குழுவும் சேர்ந்து மனு கொடுக்கிறது. அந்த மனுவில் முதல் கையெழுத்து காலனிக் குழுவினுடையது. மூட்டைகளை எடுத்தவர்கள் கடைமடைக் குழுவினர். மனு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. போன வருஷம் எங்க கடைமடையில் கொஞ்சம் கதிர் பதராகத்தான் போனது. அதையும் கரை நோட்டில் எழுதி வைத்தோம்.

கடைசியாக

மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' கோயில் இருக்கிறது. 1798-இல் ஏரி உடையப் போன மழை ராத்திரியில் கலெக்டர் பிளேஸ் துரை கரைக்குப் போனப்போ, ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையைக் காத்து நின்றதைக் கண்டதாகச் சொல்வார்கள். நம்ம ஊர்க் கரையில் அய்யனார் இருக்கிறார். சாமி காக்கும் என்று நானும் நம்புகிறவள்தான். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கொட்டுகிற மழையில், ராத்திரியில், ஒருத்தர் எழுந்து கரைக்குப் போய்ப் பார்த்தார்.

ஆயிரம் வருஷம் முன்பு ஏரி வாரியத்தில் நமக்கு ஓலை இல்லை. இன்றைக்கு நம்ம கையில் நோட்டு இருக்கிறது, கூட்டமைப்பு இருக்கிறது, கிராம சபையில் எழுந்து பேச உரிமை இருக்கிறது. இதைப் படிக்கிற சகோதரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். வருகிற புரட்டாசியில், உங்க குழுக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிற வழியில், உங்க ஊர்க் கரையை ஒருதடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பாருங்கள். வெளிப்பக்கமாக, அடிவாரத்தில் நடங்கள். ஈரம் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லும்.

எங்க நோட்டில் இந்த வாரம் எழுதியது: "மூணாவது மடைக்குக் கிழக்கே பத்தடியில் ஈரம். தண்ணி தெளிவு. குச்சி நட்டாச்சு. நாளைக்கும் பார்க்கணும்."